மலைக்காற்றும் கும்பகமும்

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சென்றால் ஜவ்வாது மலையடிவாரத்தில் அமிர்தி வந்துவிடும். காடு, சிறிய அருவி, வனத்துறையின் விலங்குப் பூங்கா. சி.எம்.சி. மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக வந்து வாரக்கணக்கில் விடுதிகளில் தங்கியிருப்பவர்களிடம், “அமிர்திப் பக்கம் போய் நல்ல காற்றை இழுத்து விட்டு வாருங்கள்” என்று சொல்லத் தோன்றுவது இயல்பே. ஆனால் அந்த அறிவுரைக்குள் இரண்டு பழைய நம்பிக்கைகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று காற்றைப் பற்றியது, மற்றது மூச்சைப் பற்றியது.

காற்றின் கதை ஐரோப்பாவிலிருந்து வந்தது. காசநோய்க்கு மருந்தில்லாத காலத்தில் ஓய்வும் உணவும் தூய காற்றுமே சிகிச்சை. மதனப்பள்ளி அருகே 1915ல் செயல்படத் தொடங்கிய ஆரோக்கியவரம் அந்த நம்பிக்கையில் எழுந்ததுதான். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததும் அதன் காலம் முடிந்தது. புற்றுநோய்க்கு மலைக்காற்று மருந்தாக இருந்ததே இல்லை.

மூச்சின் கதை நம்முடையது. பூரகம் 16 மாத்திரை, கும்பகம் 64, ரேசகம் 32 என்று திருமந்திரம் கணக்கு வைக்கிறது. சித்தர் மரபில் இந்தக் கணக்கின் நோக்கம் நோய் தீர்ப்பது மட்டுமல்ல, உடலையே அழியாததாக்குவது. இவ்வளவு பெரிய ஆசையோடு பிறந்த ஒரு பயிற்சி, அடுத்து வந்த நூற்றாண்டுகளில் எப்படிச் சுருங்கி வந்தது என்பதே எனக்குச் சுவையாகப் படுகிறது.

1924ல் சுவாமி குவலயானந்தர் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவி, யோகிகளின் உடலை எக்ஸ்-ரே முன்னால் நிறுத்தினார். அதுவரை அனுபவமாகப் பேசப்பட்டது அளவையாக மாறத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான், 1923ல், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரிலிருந்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழ 1954 வரை ஆயிற்று. யோக ஆய்வும் புற்றுநோய் மருத்துவமும் ஒன்றையொன்று அறியாமலே நெடுங்காலம் நடந்தன.

இரண்டும் சந்தித்தது மிக அண்மையில். 2007ல் பெங்களூரு ஆய்வாளர்கள், மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெற்ற பெண்களிடம் மூச்சுப்பயிற்சி உள்ளிட்ட யோகம் குமட்டலைத் தணித்ததாக எழுதினர். 2012ல் சான் பிரான்சிஸ்கோவில் பிராணாயாமத்தை மட்டும் தனியே எடுத்துச் சோதித்தார்கள். நோயாளிகள் வெறும் 16 பேர். பயிற்சி கூடக்கூடத் தூக்கமும் பதற்றமும் சீராவதாகத் தெரிந்தது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்கு வேகத்தைக் குறைத்து, வெளிவிடுவதை நீட்டினால், வேகஸ் நரம்பின் வழியே இதயத் துடிப்பு தணிகிறது. இதற்கு அமிர்திக் காடு தேவையில்லை, விடுதி அறையின் கட்டில் போதும். (கபாலபாதி போன்ற வேகமான பயிற்சிகள் வேறு கதை. வயிற்றில் தையல் ஆறாதவர் அவற்றின் பக்கம் போகக்கூடாது.)

கட்டியைச் சுருக்கியதாக இந்த ஆய்வுகள் எதுவும் சொல்லவில்லை. அமரத்துவம் கேட்ட பயிற்சி, ஓர் இரவுத் தூக்கத்தில் வந்து நிற்கிறது. இதை வீழ்ச்சி என்று நான் எண்ணவில்லை. ‘மாற்று’ என்ற சொல்லுக்கும் ‘துணை’ என்ற சொல்லுக்கும் இடையே உயிர் இருக்கிறது. 2018ல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வில், வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய புற்றுநோயாளிகளின் இறப்பு அபாயம் மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு. மூச்சினாலேயே குணமாகும் என்று மேடையில் சொல்பவர்கள் இந்த எண்ணைச் சொல்வதில்லை.

இந்த வரலாற்றில் ஒரு விசித்திரமான திருப்பமும் உண்டு. இடது மார்பகத்துக்குக் கதிர்வீச்சு தரும்போது அருகிலிருக்கும் இதயமும் கதிரை வாங்கிக்கொள்கிறது. இதயத்தில் சராசரியாக விழும் ஒவ்வொரு கிரே கதிருக்கும் மாரடைப்பு போன்ற பெரிய இதயநோய்களின் அபாயம் சுமார் 7.4 விழுக்காடு உயர்கிறது என்று 2013ல் கணக்கிட்டார்கள். ஆழ்ந்து மூச்சிழுத்தால் நுரையீரல் விரிந்து இதயம் மார்புச் சுவரிலிருந்து விலகுகிறது. எனவே மூச்சை இழுத்து ஏறத்தாழ 20 வினாடி நிறுத்தச் சொல்லி, அந்த இடைவெளியில் மட்டும் கதிரைச் செலுத்துகிறார்கள். கும்பகம் என்று யாரும் அங்கே சொல்வதில்லை. பக்கத்து அறையிலிருந்து ஒலிபெருக்கியில் குரல் வருகிறது: மூச்சை இழுங்கள், நிறுத்துங்கள். சிகிச்சை தொடங்குமுன் சில நாட்கள் நோயாளிகள் இதைப் பழகி வருகிறார்கள்.