வியட்நாமிய மொழிக் கல்வியும் தமிழ்க் கலைச்சொற்களும்: ஒலிப்புடைமை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

சித்தூருக்கு அருகில் விநாயகர் கோயிலால் பெயர்பெற்று விளங்கும் காணிப்பாக்கத்தின் பெயரைத் தமிழில் எழுதுவோர் ககரத்தை இரட்டித்து எழுதுவர். தெலுங்கிலோ அங்கு ஒற்றைக் ககரமே வரும். ஊர், கடற்கரையூர் எனப் பொருள்படும் 'பாக்கம்' என்னும் பழஞ்சொல் தமிழ் வடிவத்திற்குக் காரணமாகலாம் என்பது உண்மையே. ஆயினும் ஒலியியல் காரணமும் இங்கு உண்டு. தமிழில் ஈருயிர்க்கிடையே தனித்து நிற்கும் ககரம் மெலிந்து ஒலிக்கும்; வல்லொலி வேண்டின் இரட்டித்தல் வேண்டும். தெலுங்கில் மெலிந்த ஒலிக்குத் தனியெழுத்து இருத்தலின் ஒற்றைக் ககரமே வல்லொலியாக நிற்கிறது.

இவ்வேறுபாடு தெலுங்கில் பொருளையும் மாற்றுவது. 'எரிந்து' எனப் பொருள்படும் சொல்லையும் காற்றைக் குறிக்கும் சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதின் இரண்டும் 'காலி' என்றே அமையும். தெலுங்குச் செவிக்கு அவை இருவேறு சொற்கள். முதலொலியில் குரல்நாண் அதிர்கின்றதா இல்லையா என்பதே அவற்றைப் பிரிப்பது. ஆகவே தெலுங்கு இலக்கணிகள் அதிராதனவற்றைப் பருஷம் என்றும் அதிர்வனவற்றைச் சரளம் என்றும் பெயரிட்டனர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சென்னையில் பணியாற்றிய சின்னயசூரியின் 'பாலவியாகரணம்' வழியாக இப்பெயர்கள் பள்ளி இலக்கணத்திலும் நிலைபெற்றன. தமிழ் இலக்கணம் இவ்விரண்டையும் வல்லினம் என்னும் ஒரே வகுப்பில் அடக்கியது. இதனைக் குறையெனக் கருதுவது பொருந்தாது. தமிழில் பொருள் வேறுபடுத்தாத ஒன்றுக்குப் பெயரிட வேண்டிய தேவை அன்று எழவில்லை.

தேவை பின்னர் எழுந்தது. 1950களின் நடுவில் புனே தக்காணக் கல்லூரியில் நடைபெற்ற மொழியியல் பயிற்சிப் பள்ளிகளும், தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் முதலியோரின் முயற்சியால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த மொழியியல் துறையும் புதிய கலைச்சொற்களை வேண்டின. 'மொழிநூல்' என வழங்கிய துறைப்பெயரே 'மொழியியல்' என மாறியது. ஒலியன், மாற்றொலி, உருபன் என்பன வழக்கிற்கு வந்தன. அதிர்வு பற்றிய வேறுபாட்டிற்கு ஒலிப்புடை ஒலி, ஒலிப்பிலா ஒலி என்னும் இணை அமைந்தது. 'ஒலிப்பு' என்பது உச்சரிப்பையும் குறிப்பதால் இவ்விணை தொடக்க நிலை மாணவரை மயக்குகிறது. அதிர்வொலி, அதிர்விலா ஒலி என்பன தெளிவானவை.

வியட்நாமிய மொழியைக் கற்கப் புகும் தமிழர்க்கு இந்த இணை எவ்வாறு உதவும் என்னும் ஐயம் எழலாம். அம்மொழியில் 'மா' எனத் தமிழில் எழுதத்தக்க ஓரசை, ஆறு தொனிகளில் ஒலிக்கப்பட்டுப் பேய், தாய், ஆனால், கல்லறை, குதிரை, நாற்று என ஆறு பொருள் தரும். தென்பகுதி வழக்கில் இரு தொனிகள் ஒன்றியமையின் ஐந்தே எஞ்சும். 'தொனி' என்பது அன்றாடத் தமிழில் பேச்சின் பாங்கையும், அணியிலக்கணத்தில் குறிப்புப் பொருளையும் சுட்டுவதால் இங்கும் மயக்கம் உண்டு. நன்னூல் கூறும் எடுத்தல், படுத்தல், நலிதல் ஆகியவற்றைக் குரலின் ஏற்ற இறக்கத்தை விளக்கப் பயன்படுத்தலாம். வினைமுற்றையும் வினையாலணையும் பெயரையும் ஓசை வேறுபாட்டால் பிரித்துணர்த்திய உரையாசிரியர் மரபும் நினைக்கத்தக்கது. எனினும் அது இலக்கண வேறுபாடு. சொல்லையே வேறாக்கும் தொனி அன்று.

இத்தொனிகள் எங்கிருந்து வந்தன என்பதே நெடுநாள் வினா. தொனியுடைமையைப் பெருஞ்சான்றாகக் கொண்டு, 1912இல் ஆன்ரி மஸ்பெரோ வியட்நாமியத்தைத் தாய் மொழிகளோடு சேர்த்தார். 1954இல் ஆந்த்ரே ஜார்ஜ் ஓத்ரிகூர் இக்கருத்தை மறுத்தார். தொன்மை நிலையில் அம்மொழிக்குத் தொனி இல்லை. சொல்லிறுதியில் நின்ற சில மெய்கள் மறைந்தபோது அவற்றின் எச்சமாக மூன்று தொனிகள் தோன்றின. பின்னர்ச் சொல்முதலில் அதிர்வொலிக்கும் அதிர்விலா ஒலிக்கும் இருந்த வேறுபாடு அழிய, அவ்வேறுபாட்டின் சுமையைத் தொனி ஏற்று மூன்று ஆறாயிற்று என்பது அவர் விளக்கம். 6ஆம் நூற்றாண்டில் மூன்றும் 12ஆம் நூற்றாண்டில் ஆறும் இருந்ததாக அவர் கணித்தார். வல்லினம் என்னும் ஒற்றைச் சொல்லோடு இவ்விளக்கத்தை அணுகுபவர் அதன் மையத்தையே தவறவிடுவர். பருஷம், சரளம் எனப் பள்ளியில் பயின்ற சித்தூர்த் தமிழ் மாணவர்க்கோ அது உடனே விளங்கும்.

இதே தன்மையுடைய சிக்கல் ஒன்று தெலுங்கு ஆய்விலும் எழுந்ததுண்டு. வடசொற் பெருக்கத்தால் தெலுங்கு சமற்கிருதத்திலிருந்து பிறந்ததாகக் கொள்ளப்பட்ட நிலையில், 1816இல் எல்லிஸ், கேம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்திற்கு எழுதிய முன்னுரைக் குறிப்பில், அதன் வேர்ச்சொற்கள் தமிழ், கன்னடம் ஆகியவற்றோடு உறவுடையன எனக் காட்டினார். வியட்நாமியத்தில் சீனச் சொற்கள் மிகுந்திருப்பதும் அத்தகையதே. தொல்காப்பியத்தின் இயற்சொல், வடசொல் பாகுபாட்டை அறிந்தவர்க்கு அங்குள்ள இயற்சொல்லையும் சீனவழிச் சொல்லையும் பிரித்து நோக்குதல் அரிதன்று.

ஏனைய சொற்கள் எளியவை. தனிநிலை மொழி என்பது முன்னரே வழக்கில் உள்ளது. அண்ணன், அக்காள் போன்ற உறவுச் சொற்கள் தன்மை முன்னிலைச் சொற்களாகவும் வருவதை விளக்கத் தொல்காப்பியத்தின் 'முறைப்பெயர்' துணைசெய்யும். எண்ணோடு வரும் வகைச்சொல்லுக்கு 'மூன்று பேர்' என்னும் நம் வழக்கே வாயில். எனினும் விலங்குக்குரிய வகைச்சொல் ஆற்றுக்கும் கத்திக்கும் வருவது நம் திணைப் பாகுபாட்டிற்கு அடங்காது.

ஓத்ரிகூர் வியட்நாமியத்திற்கு வகுத்த ஆஸ்திரோ ஆசிய இனத்தின் கிளைமொழி ஒன்று ஆந்திரத்திலேயே பேசப்படுகிறது. கிடுகு ராமமூர்த்தி 1931இல் கையேடு வெளியிட்ட சவர மொழியே அது. அவ்வினத்தின் பழைய சொல்லாக்க முறையாகிய இடையொட்டு சவரத்தில் இன்றும் உள்ளது. வியட்நாமியத்தில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இதனை நம் பகுபத உறுப்பாகிய 'இடைநிலை'யால் மொழிபெயர்த்தல் தவறாகும். இடைநிலை பகுதிக்கும் விகுதிக்கும் இடையே நிற்பது. இடையொட்டு பகுதியைப் பிளந்து அதனுள் நிற்பது.