நினைவும் மின்னலையும்: ஒரு வரலாற்று நோக்கு

1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கின. அதனை ஓர்ஸ் ஹில்லிலிருந்து கண்ட சிறுவர் எவரேனும் இன்று இருப்பின், அவர் தொண்ணூறை அண்டியவராவார். அவர்தம் நினைவு மங்குமாயின் ஏட்டில் ஏறாத வரலாறும் உடன் மறையும். ஆதலின், மறதிநோயை முன்னரே அறியும் முயற்சி வரலாற்று மாணவர்க்கும் உரியதே.

1906 இல் அலோயிஸ் அல்சைமர் இந்நோயின் தடயங்களை இறந்தவர் மூளையிலே நுணுக்குக்காட்டியாற் கண்டு எடுத்துரைத்தார். உயிருள்ள மூளையை நோக்கும் வழி பின்னரே பிறந்தது. 1924 இல் ஜேர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலிற் பதிந்தார்; 1929 இல் அதனை வெளியிட்டார். 1934 இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மத்தியூசும் உறுதிப்படுத்திய பின்னரே ஐயம் அகன்றது. அல்சைமர் நோயாளரின் அலைமாற்றங்களையும் பெர்கர் 1930களின் தொடக்கத்திலேயே குறித்தார். எனினும், அலைகள் மந்தமாதல் பிற நோய்களாலும் மருந்துகளாலும் நேரலாம். அது மட்டுமே சான்றாகாது.

2025 இல் பாத், பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட முறை வேறானது. முன்பு காட்டிய படங்கள் விரைந்தோடும் புதிய படங்களிடையே மீண்டும் தோன்றும். மூளை அவற்றை இனங்காண்கின்றதா என்பதை அலைகளே மூன்று நிமிடத்தில் உணர்த்தும். விடை சொல்லவும் வேண்டா, எழுதவும் வேண்டா. கல்வியும் மொழியும் பெறுபேற்றைத் திரிக்கும் வினாமுறையின் குறை இங்கு பெரிதும் நீங்கும்.

இது தனித்து நோயைத் தீர்மானிப்பதன்று. இழந்த நினைவை மீட்பதுமன்று. ஆயினும், முன்னறிவு காலத்தை ஈயும். அக்காலத்துள் முதியோர் சொல்வதைக் கேட்டுப் பதிவது நம் கடன்.