திடல் யாருடையது?

சிம்பாங் ரெங்கம் வட்டாரத்துத் தோட்டக் காற்பந்தின் பருவத்தை வகுத்தது ரப்பர் மரம். பால் விடியற்காலைக் குளிரில்தான் நன்றாக வடியும். ஆகவே தொழிலாளி இருட்டோடு பிரட்டு என்னும் ஆட்கணக்கெடுப்புக்குப் போய், நிரையில் இறங்கி மரம் வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக் கொட்டகையில் நிறுத்துக் கொடுப்பார்; பிற்பகலோடு வேலை முடிந்துவிடும். மாலைப்பொழுது முழுதும் இளைஞர்கள் கையில் இருந்தது. லயத்துக்குப் பக்கத்திலேயே திடலும் இருந்தது. இலையுதிரும் பிப்ரவரி, மார்ச்சில் பால் குறையும், ஆட்டத்துக்கு நேரம் கூடும். ஆண்டிறுதி மழையில் வெட்டும் நின்றுபோகும், திடலும் சேறாகும். இப்படி உருவான அணிகள் ஏன் மறைந்தன என்று கேட்டால், பிள்ளைகளுக்கு ஆர்வம் போய்விட்டது என்று பெரியவர்கள் பலர் சொல்கிறார்கள். அந்தக் குற்றச்சாட்டு நியாயமற்றது. ஆர்வம் போகவில்லை, திடல் போயிற்று.

கல்லூரி அணிகளோடு ஒப்பிட்டால் இது விளங்கும். 1893-இல் தொடங்கிய விக்டோரியா இன்ஸ்டிடியூஷனிலும் 1905-இல் தொடங்கிய கோலகங்சார் மலாய் கல்லூரியிலும் ஆட்டக்காரர்கள் ஆண்டுதோறும் படித்து முடித்து வெளியேறுகிறார்கள். அணி மட்டும் நிற்கிறது, ஏனென்றால் திடல் நிறுவனத்துடையது. தோட்டத்தில் நிலைமை நேர்மாறானது. ஆட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தார்கள், நிலம் கம்பெனியுடையது. பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று அக்காலத் தொழிலாளர் சட்டம் தோட்ட முதலாளியைக் கட்டாயப்படுத்தியது. திடலோ துரையின் மனம் போல் அமைந்தது. சிம்பாங் ரெங்கம் அடங்கிய குளுவாங் மாவட்டத்தில் செம்பனை புதிதாக வந்த பயிரன்று. ஆனால் 1980-களின் இறுதிக்குள் நாடு முழுவதும் செம்பனைப் பரப்பு ரப்பரை முந்தியபோது, தோட்டத்து வாழ்க்கையே மாறிவிட்டது. செம்பனைக் குலை வெட்ட ரப்பருக்கு வேண்டியதைவிட மிகக் குறைந்த ஆட்களே போதும். குடும்பங்கள் குளுவாங்குக்கும் ஜொகூர் பாருவுக்கும் தொழிற்சாலை வேலை தேடிப் போயின. ஒரு தோட்டத்தில் பதினொரு பேரைத் திரட்டுவதே பெரும்பாடாயிற்று; வெளியேறியவர்களோடு திடல் கூட வரவில்லை, அது கம்பெனியிடமே நின்றுவிட்டது.

'ஸ்பைடர்மேன்' எனப்பட்ட கோல்காவலர் ஆர். ஆறுமுகமும், 2010-இல் மலேசியாவுக்கு ஆசியான் கிண்ணம் வென்று தந்த பயிற்றுநர் கே. ராஜகோபாலும் தோட்டத் திடலிலா உருவானார்கள் என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி சரியானதே. ஆனால் அது என் வாதத்துக்கே பலம் சேர்க்கிறது: பள்ளித் திடலும் நகரத்துத் திடலும் நிலைத்த இடங்களில் நம்மவர் தேசிய அணிவரை போனார்கள். சமூகமே சொந்தக் கழகம் நடத்தலாமே என்பது இன்னொரு கேள்வி. அதுவும் நடந்தது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் மிஃபா அணி 2017-இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. பிறகு பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்குக்கு ஏறியது. 2022 பருவம் முழுவதும் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் ஆடியது. அந்தப் பருவத்தோடு லீக்கைவிட்டு விலகியது. ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சமில்லை என்பதற்கு அந்த ஒரு பருவமே சாட்சி. புரவலரை நம்பி நிற்கும் அணிக்கு ஆயுள் குறைவு என்பதற்கும் அதுவே சாட்சி.

நிலைத்த திடலுக்கு நம் கையில் உள்ள வாய்ப்பு தமிழ்ப்பள்ளிதான். இன்றும் பல தமிழ்ப்பள்ளிகள் தோட்டக் கம்பெனியின் நிலத்தில் நிற்கின்றன. அந்த நிலத்தைப் பள்ளியின் பெயருக்கு மாற்றும் பேச்சு வரும்போது கட்டடம் நிற்கும் இடத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். திடலையும் சேர்த்து அளந்து எல்லைக்கல் நடச் சொல்லுங்கள். பள்ளி வாரியத்தினரும் பெற்றோரும் இதை எழுத்தில் கேட்க வேண்டும்.