பல கருவிகளுக்கு ஒரே சார்ஜர்

சுவரில் உள்ள பிளக்கிலிருந்து ஒரே ஒரு கம்பி மேசைக்கு வருகிறது. அங்கே உள்ளங்கை அளவுள்ள ஒரு பெட்டியில் முடிகிறது. பெட்டியின் முகப்பில் நான்கைந்து துளைகள். ஒன்றில் கைப்பேசி, ஒன்றில் மடிக்கணினி, மற்றொன்றில் மின்னணுக் கைக்கடிகாரம், இன்னொன்றில் இயர்போன். எல்லாம் ஒரே நேரத்தில் மின்னேற்றம் பெறுகின்றன. இன்று பல வீடுகளிலும் அலுவலகங்களிலும் நாம் காணும் காட்சி இது.

இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். கைக்கடிகாரத்திற்கு ஓரிரு வாட் திறன் போதும். மடிக்கணினிக்கு 60 வாட்டுக்கு மேலும் தேவைப்படலாம். கைக்கடிகாரத்திற்கு வேண்டிய மின்னழுத்தம் 5 வோல்ட். மடிக்கணினி கேட்பதோ பெரும்பாலும் 20 வோல்ட். அந்த 20 வோல்ட் தவறிப்போய்க் கைக்கடிகாரத்திற்குள் பாய்ந்தால் அது பாழாகிவிடும். ஆனால் அப்படி நேர்வதில்லை. எந்தத் துளையில் எந்தக் கருவி செருகப்பட்டிருக்கிறது என்பது பெட்டிக்கு எப்படித் தெரிகிறது?

இக்கேள்விக்கு விடை காண நாம் இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

மீண்டும் நிரப்பக்கூடிய கலம்

இத்தாலிய அறிஞர் வோல்ட்டா 1800-ஆம் ஆண்டில் தம் மின்கல அடுக்கை உலகுக்கு அறிவித்தார். தொடர்ச்சியான மின்னோட்டம் தந்த முதல் சாதனம் அதுவே. ஆனால் அதிலுள்ள வேதிப்பொருள்கள் தீர்ந்ததும் கலமும் பயனற்றுப் போயிற்று.

1859-இல் பிரெஞ்சு நாட்டு இயற்பியலாளர் காஸ்டன் பிளான்டே இதற்கு ஒரு வழி கண்டார். இரண்டு ஈயத் தகடுகளை, ஒன்றையொன்று தொடாதவாறு நடுவே தடுப்பு வைத்துச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கவைத்தார். அக்கலம் மின்னோட்டத்தைத் தந்து ஓய்ந்தபின், வெளியிலிருந்து எதிர்த்திசையில் மின்னோட்டத்தைச் செலுத்தினால் உள்ளே நடந்த வேதிமாற்றம் திரும்பிவிடும். கலம் மீண்டும் உயிர் பெறும். இதுவே சேமக்கலம். இன்று பேருந்திலும் காரிலும் இருக்கும் ஈய–அமில பாட்டரி இதன் வழிவந்ததுதான். 1899-இல் சுவீடன் நாட்டவரான யுங்னர் நிக்கல்–காட்மியம் சேமக்கலத்தை உருவாக்கினார்.

ஈயக் கலம் ஒன்று ஏறத்தாழ 2 வோல்ட் தரும். நிக்கல்–காட்மியக் கலம் 1.2 வோல்ட். இவ்வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த குழப்பங்களுக்கெல்லாம் வித்து இதில் இருக்கிறது.

கடைக்குச் சென்ற பாட்டரிகள்

ஒரே இடத்தில் பல கலங்களை மின்னேற்றம் செய்யும் வழக்கம் புதியதன்று. 1920-களின் பிரிட்டனைப் பாருங்கள். 1922-இல் பி.பி.சி. ஒலிபரப்பைத் தொடங்கியது. வீடுகளில் வால்வு ரேடியோக்கள் வந்தன. ஆனால் மின் இணைப்பு இல்லாத வீடுகளே மிகுதி. ஆகவே வால்வுகளைச் சூடேற்ற, கண்ணாடி ஜாடியில் அமைந்த 2 வோல்ட் ஈயச் சேமக்கலம் ஒன்றைப் பயன்படுத்தினார்கள். சில நாள்களுக்கு ஒருமுறை அது தீர்ந்துவிடும். அமிலம் சிந்தாமல் அதைத் தூக்கிக்கொண்டு ரேடியோக் கடைக்கோ சைக்கிள் கடைக்கோ போக வேண்டும். ஒன்று கடையில் ஏறிக்கொண்டிருக்க, மற்றொன்றை வீட்டில் வைத்துப் பாட்டுக் கேட்டவர்களும் உண்டு.

கடையில் ஒரு நீண்ட பலகைமேல் அக்கலங்களை வரிசையாக வைத்துத் தொடராக இணைப்பார்கள். மின்னேறி முடியும் வேளையில் ஒவ்வொரு கலத்திற்கும் சுமார் 2.6 வோல்ட் வேண்டும் என்று கொண்டால், 20 கலங்களுக்கு 52 வோல்ட் ஆகிறது. தொடரிணைப்பில் எல்லாக் கலங்களிலும் ஒரே அளவு மின்னோட்டம்தான் பாயும். எனவே சிறிய கலத்தையும் பெரிய கலத்தையும் ஒரே வரிசையில் வைத்தால், சிறியது முன்னதாகவே நிரம்பி, வாயுக் குமிழிகளைக் கக்கிக் கெடத் தொடங்கும். கடைக்காரர் ஹைட்ரோமீட்டரால் அமிலத்தின் அடர்த்தியைச் சோதித்து, நிரம்பியதைப் பார்த்து எடுக்க வேண்டும்.

இன்றைய மேசைப் பெட்டியின் முன்னோர் அந்தக் கடைப் பலகைதான். எந்தக் கலத்திற்கு எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்று அறிந்திருந்தது கடைக்காரரின் கண். அக்கண் செய்த வேலையை இன்று ஒரு சிலிக்கன் சில்லு செய்கிறது. மற்றொன்றையும் கவனியுங்கள். அந்தக் கலங்கள் எல்லாம் 2 வோல்ட் என்ற ஒரே அளவில் இருந்ததால்தான் ஒரே பலகையில் அடுக்க முடிந்தது.

ஆளுக்கொரு சார்ஜர்

காலம் மாறிற்று. மின்சாரம் வீடுகளை எட்டியது; கடைப் பலகை மறைந்தது. நிக்கல்–காட்மியக் கலங்களை மூடிய உருளைகளாகச் செய்ய முடிந்தபின், சவர இயந்திரம், கால்குலேட்டர், வீடியோ கேமரா என்று கையடக்கக் கருவிகள் பெருகின. 1983-இல் அமெரிக்காவில் மோட்டரோலா நிறுவனத்தின் டைனாடாக் கைப்பேசி அரசு அனுமதி பெற்றது. அதன் எடை ஏறத்தாழ 800 கிராம். பத்து மணி நேரம் மின்னேற்றினால் அரை மணி நேரம் பேசலாம்!

இந்நிலையை மாற்றியது லித்தியம் அயனிக் கலம். 1970-களில் விட்டிங்ஹாம் அடிப்படை அமைத்தார்; 1980-இல் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடு மின்வாயைக் கண்டார்; 1985-இல் ஜப்பானின் யோஷினோ பாதுகாப்பாகப் பயன்படுத்தத்தக்க கலத்தை உருவாக்கினார். 1991-இல் சோனி நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

கலம் சிறிதாயிற்று, ஆனால் சார்ஜர்களின் எண்ணிக்கை பெருகிற்று. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முனை, தனக்கென ஒரு மின்னழுத்தம் வகுத்துக்கொண்டது. ஒரு முனையில் நடு ஊசி நேர்மின்வாய். தோற்றத்தில் அதே போன்ற வேறொன்றில் அதுவே எதிர்மின்வாய். மாற்றிச் செருகினால் கருவி பழுதாகும். 2009-ஆம் ஆண்டளவில் ஐரோப்பிய நாடுகளில் புழங்கிய கைப்பேசி சார்ஜர்களில் முப்பதுக்கு மேற்பட்ட வகைகள் இருந்தன. புதுக் கைப்பேசி வாங்கியதும், பழைய சார்ஜர் நன்றாக இருந்தும் குப்பைக்குப் போயிற்று.

அறிவியலில் இங்கே குறை ஒன்றும் இல்லை. குறைந்தது உடன்பாடுதான்.

எதிர்பாராமல் வந்த தீர்வு

தீர்வு கணினித் துறையிலிருந்து வந்தது. அச்சுப்பொறி, விசைப்பலகை, சுட்டி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி முனை தேவைப்பட்ட தொல்லையைப் போக்க ஏழு நிறுவனங்கள் கூடி 1996 ஜனவரியில் யூ.எஸ்.பி. என்னும் பொது இணைப்பை வெளியிட்டன. இதில் பெரும்பங்கு ஆற்றியவர் இன்டெல் நிறுவனத்தில் பணிபுரிந்த, இந்தியாவில் பிறந்த அஜய் பட்.

யூ.எஸ்.பி.யின் முதல் நோக்கம் செய்தியைக் கடத்துவதே. சுட்டி போன்ற சிறு கருவிகளுக்கு உதவியாக 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் வரை மின்சாரமும் தந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: செருகியவுடன் கருவி 100 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கலாகாது, கணினியிடம் அனுமதி பெற்ற பிறகே கூடுதலாக எடுக்கலாம். “கேட்டுப் பெறு” என்னும் இம்முறைதான் பின்னாளில் பெரும்பயன் தந்தது.

கைப்பேசி செய்தோர் இதைக் கண்டனர். எங்கும் 5 வோல்ட் கிடைக்கிறதே, அதையே மின்னேற்றத்திற்கும் கொள்ளலாமே என்று கருதினர். 2006 டிசம்பரில் சீன அரசு இதன் அடிப்படையில் கைப்பேசி சார்ஜர்களுக்குப் பொதுத் தரம் ஒன்றை வெளியிட்டது. 2007-இல் யூ.எஸ்.பி. அமைப்பே மின்னேற்றத்திற்கென விதிகள் வகுத்தது. 2009-இல் முன்னணி நிறுவனங்கள் பல, ஐரோப்பாவில் மைக்ரோ யூ.எஸ்.பி. முனையை ஏற்க உடன்பட்டன.

பெட்டியும் கருவியும் பேசிக்கொள்ளும் விதம்

5 வோல்ட் மடிக்கணினிக்குப் போதாது. திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. மின்னோட்டத்தை மிகுதியாக்கினால் மெல்லிய கம்பி சூடேறும். ஆகவே மின்னழுத்தத்தை உயர்த்த வேண்டும். இதற்கான விதிகள் 2012-இல் வந்தன. 2014-இல் எப்பக்கமும் திருப்பிச் செருகத்தக்க சி-வகை முனை வந்தது.

நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது. பெட்டியின் சி-வகைத் துளை காலியாக இருக்கும்போது அதன் மின்வழியில் மின்னழுத்தமே இல்லை. கருவியைச் செருகியதும், அதனுள் உள்ள 5.1 கிலோ ஓம் மின்தடையைப் பெட்டி உணர்கிறது. முதலில் 5 வோல்ட் மட்டும் தருகிறது. பிறகு, “என்னிடம் 5, 9, 15, 20 வோல்ட் உண்டு, ஒவ்வொன்றிலும் இத்தனை ஆம்பியர் தரமுடியும்” என்று ஒரு பட்டியலைக் குறியீடாக அனுப்புகிறது. கருவி அதில் ஒன்றைத் தேர்ந்து கேட்கிறது. பெட்டி ஒப்புக்கொண்டு, மின்னழுத்தத்தை மாற்றிவிட்டு, “தயார்” என்கிறது. நாம் செருகிவிட்டுக் கையை எடுப்பதற்குள் பேச்சு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. பேசத் தெரியாத எளிய கருவிக்கு 5 வோல்ட்டுக்கு மேல் போவதே இல்லை. 2021-இல் இம்முறையின் உச்ச அளவு 48 வோல்ட், 240 வாட் என உயர்த்தப்பட்டது.

ஒரு செய்தி பலரும் அறியாதது. கலத்தை உண்மையில் மின்னேற்றும் சுற்று கருவிக்குள்ளேயே இருக்கிறது. லித்தியம் கலத்தில் முதலில் மாறா மின்னோட்டத்தைச் செலுத்தி, கலம் ஏறத்தாழ 4.2 வோல்ட்டை எட்டியதும் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைப்பது அச்சுற்றின் வேலை. நாம் சார்ஜர் என்று அழைக்கும் பெட்டி மின்சாரத்தை மாற்றித்தரும் சாதனம் மட்டுமே.

பெட்டி சிறுத்தது எப்படி?

பழைய அடாப்டர்கள் கனமாக இருந்தது நினைவிருக்கலாம். அவை வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணிலேயே இயங்கின. அதற்குப் பெரிய இரும்பு உள்ளகம் கொண்ட மின்மாற்றி தேவைப்பட்டது. இன்றைய பெட்டி, மாறுதிசை மின்னோட்டத்தை முதலில் நேர்திசையாக்கி, அதை விநாடிக்குப் பல்லாயிரம் முறைக்கு மேல் நிறுத்தி நிறுத்தி விடுகிறது. அதிர்வெண் உயர உயர மின்மாற்றியின் அளவு குறையும். அண்மைக் காலத்தில் சிலிக்கனுக்குப் பதிலாகக் காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்கள் வந்தன. இவை இன்னும் விரைவாக, குறைந்த வெப்ப இழப்புடன் இயங்குகின்றன. எனவேதான் 100 வாட் பெட்டியும் கையில் அடங்குகிறது.

பயன்படுத்துவோர் அறியவேண்டியவை

பெட்டியின்மேல் எழுதியுள்ள வாட் எண் பெரும்பாலும் எல்லாத் துளைகளுக்கும் சேர்ந்த மொத்தம். 65 வாட் பெட்டியில் மடிக்கணினி மட்டும் இருந்தால் 65 வாட்டும் அதற்கே போகலாம். கூடவே கைப்பேசியைச் செருகினால் பெட்டி தன் திறனைப் பங்கிட்டு, மடிக்கணினியிடம் புதிய, குறைந்த பட்டியலை நீட்டும். மடிக்கணினி மெதுவாக ஏறினால் பழுது என எண்ண வேண்டாம்.

கம்பியும் முக்கியம். 3 ஆம்பியருக்கு மேல் செல்ல, தன் திறனைத் தானே அறிவிக்கும் சில்லு பொருத்திய கம்பி வேண்டும். பெட்டியைத் துணியால் மூடாதீர்கள். தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் உண்டா என்று பாருங்கள். உள்ளே வீட்டு மின்னழுத்தத்தையும் நம் கை தொடும் 5 வோல்ட்டையும் பிரித்து நிற்பது ஒரு காப்பு மட்டுமே. மலிவுச் சரக்கில் அக்காப்பு நம்பத்தக்கதன்று.

செலவு மிகுமோ என்ற அச்சம் வேண்டாம். 5,000 மில்லி ஆம்பியர்–மணிக் கைப்பேசிக் கலம் சுமார் 19 வாட்–மணி ஆற்றலைக் கொள்ளும். வழியில் நேரும் இழப்பைச் சேர்த்தாலும் ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறத்தாழ நாற்பது முறை முழுமையாக மின்னேற்றலாம்.

உடன்பாடு சட்டமானது

2009-இன் உடன்பாடு விருப்பத்தின்பாற்பட்டது. விலகி நின்றோரும் இருந்தனர். பயனற்று எறியப்படும் சார்ஜர்களால் தன் நாடுகளில் ஆண்டுதோறும் சுமார் 11,000 டன் மின்னணுக் கழிவு சேர்வதாக ஐரோப்பிய ஆணையம் மதிப்பிட்டது. 2022-இல் அங்கே சட்டம் இயற்றப்பட்டது. கைப்பேசி உள்ளிட்ட கருவிகளுக்கு 2024 டிசம்பர் 28 முதலும், மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் சி-வகை முனை கட்டாயம் என்று அச்சட்டம் நாள் குறித்தது. நெடுங்காலம் தனி முனை வைத்திருந்த ஆப்பிள் நிறுவனமும் 2023-இல் தன் ஐபோனில் சி-வகைக்கு மாறியது.

1841-இல் ஆங்கிலப் பொறியாளர் விட்வொர்த், திருகாணிகளின் மரைக்குப் பொது அளவு வகுத்தார். அதற்குமுன் ஒரு பட்டறையின் ஆணி மற்றொரு பட்டறையின் மரையில் பொருந்தாது. புதிய உலோகம் எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆயினும் தொழிலுலகமே எளிதாயிற்று. மேசைமேல் உள்ள சிறு பெட்டியும் அத்தகையதே. பிளான்டே முதல் யோஷினோ வரை அறிஞர்கள் மின்சாரத்தைச் சேமிக்கக் கற்றுத்தந்தனர். அதை ஒரே பெட்டியிலிருந்து பகிர்ந்துகொள்ள, உற்பத்தியாளர்கள் ஒரு பொது அளவுக்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது. அடுத்த முறை புதிய கருவி வாங்கும்போது, வீட்டில் உள்ள பெட்டியே அதற்கும் போதுமா என்று முதலில் பாருங்கள். போதுமெனில் இன்னொரு சார்ஜரை வாங்காதீர்கள்.