கல்லில் நின்ற கைத்தொழிலாளர் குரல்

ரிஷிவந்தியம் வட்டார மக்களுக்கு எலவானாசூர்கோட்டை நன்கு அறிமுகமான ஊர். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் அமைந்துள்ள அவ்வூரின் கல்வெட்டுகளுள் ஒன்று கி.பி. 1429ஆம் ஆண்டுக்குரியது. விருத்தாசலம், கொறுக்கை, ஆடுதுறை முதலிய ஊர்களிலும் அதே ஆண்டைச் சேர்ந்த, அதனோடு தொடர்புடைய கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. மன்னரின் வெற்றிச் சிறப்பையோ, கோயிலுக்கு அளித்த கொடையையோ பாடுவது அவற்றின் நோக்கமன்று. உழவரும் கைவினைஞரும் ஒன்றுகூடி எடுத்த முடிவுகளை அவை உரைக்கின்றன.

அதற்கு முந்தைய ஒன்றரை நூற்றாண்டு, தமிழகம் பல ஆட்சிகளைக் கண்ட காலம். 1279ஆம் ஆண்டளவில் சோழர் ஆட்சி முடிவுற்றது. பாண்டியர் ஏற்றம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1311இல் மாலிக் காபூரின் படையெடுப்பு நிகழ்ந்தது. வடதமிழகத்தில் சம்புவராயர் ஆண்டனர். பின்னர் விசயநகர இளவரசர் குமார கம்பணர் 1360களில் சம்புவராயரை அடக்கி, தெற்கே மதுரை வரை சென்றார். 1429இல் ஆண்டவர் இரண்டாம் தேவராயர்.

அரியணை மாற்றம் அரண்மனையோடு நிற்பதில்லை. தன் தறியையும் உலையையும் செக்கையும் நம்பி வாழ்ந்தவன், 'இனி வரி கேட்டு வருபவர் யார்? எவ்வளவு கேட்பார்?' என்பதைக் கொண்டே புதிய ஆட்சியை அளந்தான். தறியிறை, செக்கிறை, தட்டார்ப்பாட்டம் போன்ற தொழில் வரிகள் சோழர் காலத்திலேயே இருந்தன. எனினும் புதிய ஆட்சியில் அரசு அலுவலரும், படைப்பணிக்கு ஈடாக நிலவருவாய் பெற்றவரும், ஊர்க் காணியாளரும் எனப் பல கைகள் நீண்டன. தறியின் மீது விதித்த வரிக்கு, நெய்த துணி விற்றதா என்ற கேள்வி இல்லை.

அதே வேளையில் புதிய ஆட்சியில் நம்பிக்கைக்கும் இடமிருந்தது. படைகளுக்கும் கோயில்களுக்கும் கடல் வாணிகத்துக்கும் துணி வேண்டியிருந்தது. நெசவாளரின் கைத்திறனுக்கு மதிப்புக் கூடிற்று. வருவாய்க்கு வழி திறந்திருக்க, வரிச்சுமை அதனை விழுங்கிவிடுமோ என்ற அச்சமே அவர்களை ஒன்றுசேர்த்தது எனலாம்.

வலங்கை தொண்ணூற்றெட்டு, இடங்கை தொண்ணூற்றெட்டு என வழங்கிய இரு பெருங்குழுவினரும் 1429இல் கூடினர். முறையற்ற வரி தண்டும் அலுவலருக்கும் காணியாளருக்கும் துணை நிற்பதில்லை என்றும், அவர்களுக்காகக் கணக்கு எழுதுவதில்லை என்றும் உறுதி பூண்டனர். ஒப்பந்தத்தை மீறுவோருக்குக் கடுந்தண்டனையும் குறித்தனர். இன்னின்ன வரிக்கு இவ்வளவே தருவோம் என வரையறுத்து அதனையும் கல்லில் வெட்டுவித்தனர். கணக்கு எழுதுபவர் கைவிட்டால் வரி தண்டல் நின்றுபோகும் என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். நொபுரு கராசிமா, எ. சுப்பராயலு ஆகிய அறிஞர்கள் இக்கல்வெட்டுகளை ஒருங்கே ஆராய்ந்து, இவ்வெழுச்சியின் பரப்பை உலகறியச் செய்தனர்.

உழவன் நிலத்தை விட்டு எளிதில் நீங்க இயலாது. நெசவாளனோ தறியோடு வேற்றூர் செல்லலாம். அவன் நீங்கினால் அவ்வூரின் வரியும் அவனுடன் நீங்கும். ஆதலால் நெசவாளரைக் குடியேற்றுவதற்காக வரிச்சலுகை அளித்த செய்திகள் விசயநகரக் காலக் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கைக்கோளர்கள், பல்லக்கும் சங்கும் பயன்படுத்தும் உரிமையையும் சில பகுதிகளில் பெற்றனர். வயிற்றுக்கு வழி தேடியவர்கள் மதிப்பையும் உடன் தேடினர் என்பதற்கு இது சான்று.

ஆயினும் அந்த ஒற்றுமை நிலைத்து நிற்கவில்லை. 1652இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப்பட்டினத்தில், வலங்கையரும் இடங்கையரும் தெருவுரிமைக்காகத் தம்முள் மோதிக்கொண்டனர். மற்றோர் ஆட்சி கால்கொள்ளும் வேளையில், சேர்ந்து வரி குறித்தவர்களின் வழித்தோன்றல்கள் எதிரெதிரே நின்றனர். தீர்ப்புக்கூறும் இடம் கம்பெனிக்குக் கிடைத்தது.

ஆட்சி மாறும் காலத்தில் தனித்தொழில் செய்பவனுக்கு மாதச் சம்பளமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. கைத்திறனும் உடன்தொழில் செய்வோரின் துணையுமே அவன் முதல். அவ்விரண்டையும் சேர்த்து வைத்திருந்தபோது அவன் சொல் கல்லில் ஏறியது. எலவானாசூர்க் கல்வெட்டு இப்பகுதி மக்களின் முன்னோர் விட்டுச்சென்ற ஆவணம். அதனைச் சிதையாமல் காப்பதும், இளந்தலைமுறைக்குப் படித்துக் காட்டுவதும் நம் கடமையாகும்.