நாலுமுக்கிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி

2007 மே மாதம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் மணிமுத்தாறு டீக்கடை ஒன்றில் நானும் என் நண்பனும் நின்றுகொண்டிருந்தோம். "பி.ஏ. ஹிஸ்டரி சேரப் போறேன்" என்றான். எனக்கு முன்னால் டீ ஆற்றிக்கொண்டிருந்த அண்ணாச்சி கேட்டுவிட்டார். "ஏல, ஹிஸ்டரி படிச்சா என்ன சோலி கெடைக்கும்?"

அவன் பதில் சொல்லவில்லை. நானும்தான். உண்மையில் எங்கள் இருவரில் வரலாற்றில் அதிக மார்க் வாங்குகிறவனாகப் பத்தாவது வரை இருந்தது நான். ஆனால் என் அப்பாவுக்கு அணையில் வேலை. தினமும் காலையில் நீர்மட்டத்தைப் பதிவேட்டில் எழுதுகிறவர். 118 அடி அணையில் இன்று எத்தனை அடி என்பதைத் தவிர உலகத்தில் நிச்சயமானது எதுவுமில்லை என்று நம்புகிறவர். அந்த வருடம்தான் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வையும் எடுத்திருந்தார்கள். வீட்டில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நேராகக் கலந்தாய்வுக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். நண்பன் நாலுமுக்கு எஸ்டேட்டுக்காரன். பிளஸ் டூவுக்காக மலையை விட்டு இறங்கி விடுதியில் தங்கிப் படித்தவன். அவன் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் அவன்தான் என்பதால், எந்தப் படிப்பு என்று சண்டை போடக்கூட ஆள் இல்லை.

அண்ணாச்சியின் கேள்விக்கு ஒரு பதில் பக்கத்து ஊரிலேயே இருந்தது. எங்களுக்கு அப்போது தெரியாது. அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சியில் 1892-இல் பிறந்தவர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. நெல்லை இந்துக் கல்லூரியில் படித்து, சென்னை கிறித்தவக் கல்லூரியில் எம்.ஏ. முடித்து, 1913-இல் திரும்பவும் இந்துக் கல்லூரிக்கே ஆசிரியராக வந்தார். வயது 21. ஐந்து வருடம் கழித்து காசி. பிறகு சிதம்பரம், திருச்சி. 1929-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு, தொல்லியல் பேராசிரியர். அதே வருடம் பாண்டியர் பற்றிய புத்தகம், 1935-இல் சோழர் பற்றியதன் முதல் தொகுதி. நாலு ஊர் மாறி, நல்ல இடம் கிடைத்ததும் 1946 வரை அங்கேயே இருந்துவிட்டார். கம்பெனி மாறி மாறிச் சம்பளம் ஏற்றிக்கொள்ளும் நமக்குப் பழக்கமான ரெஸ்யூமேதான்.

இந்துக் கல்லூரியில் இருந்தபோது, தமிழைவிட ஆங்கிலத்தில்தான் தன்னால் தெளிவாகச் சொல்ல முடிகிறது என்று அவர் எழுதப்போய், பாரதி அதைக் கண்டித்தார். அதே இந்துக் கல்லூரி வளாகத்தில் பள்ளிப் படிப்பு படித்தவர் பாரதி. இந்தச் சண்டையில் நான் பாரதி கட்சி. ஆனாலும் சாஸ்திரியின் வாக்கியம் அவருடைய பலவீனத்தை மட்டும் காட்டவில்லை. அன்றைக்கு வரலாறு என்ற தொழிலே ஆங்கிலத்தில்தான் நடந்தது. அதற்கு முன் எங்கள் ஜில்லாவின் வரலாற்றை எழுதியவர்களைப் பாருங்கள்: 1881-இல் கால்டுவெல், ஒரு பாதிரியார். 1917-இல் கெசட்டியர் எழுதிய பேட், ஒரு ஐ.சி.எஸ். அதிகாரி. இரண்டு பேருக்கும் வரலாறு பக்கவாட்டு வேலை. பிற்காலத்தில் இந்தப் பகுதியின் சாதாரண மனிதர்களை வரலாற்றுக்குள் கொண்டுவந்த தொ. பரமசிவனும் ஆ. சிவசுப்பிரமணியனும் தமிழ்ப் பேராசிரியர்கள். வரலாற்றுத் துறைக்கு வெளியே இருந்துதான் எங்களுக்கு வரலாறு வந்திருக்கிறது.

சாஸ்திரியின் புத்தகங்களைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் கல்வெட்டு எண்கள். அந்தக் கல்வெட்டுகளை எல்லாம் அவரே போய்ப் படித்திருக்க முடியாது. கோயில் சுவரைக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து, மை ஒற்றி எடுத்த அரசுப் பணியாளர்கள் ஒரு பட்டாளமே இருந்தது. மைப்படி என்று பெயர். பிறகு அதைப் படித்து எழுதுகிறவர், அச்சுக்குத் தயார் செய்கிறவர். தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் வெகுகாலம் மைசூரில் கிடந்தன. 2021-இல் உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அவற்றைச் சென்னைக்கு மாற்றச் சொன்னது. ஒரு நூலாசிரியருக்குப் பின்னால் இத்தனை வேலைகள் இருக்கின்றன. 'வரலாறு படித்தால் என்ன ஆகலாம்' என்று கல்லூரிகளில் ஒட்டும் போஸ்டரில் ஐ.ஏ.எஸ். முதலில் இருக்கும், கடைசியில் சுற்றுலா வழிகாட்டி இருப்பார். மைப்படி எடுப்பவர் இருக்கமாட்டார். அந்தப் போஸ்டர் ஒரு வியாபாரம். பட்டதாரிகள் ஆயிரக்கணக்கில், தொல்லியல் துறையிலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் இருக்கும் இடங்கள் கொஞ்சம்தான். இதைச் சொல்லாமல் 'ஆர்வம் இருந்தால் போதும்' என்று பிள்ளைகளிடம் சொல்வது எனக்குப் பிடிக்காது. மூணாவது வருடமே சம்பளம் வந்தாக வேண்டிய வீடுகள் இருக்கு.

நண்பனுடையது அப்படியொரு வீடுதான். பி.ஏ., அபிஷேகப்பட்டியில் எம்.ஏ., பி.எட். ஒரு தனியார் பள்ளியில் இரண்டு வருடம். அங்கே அவன் வாங்கிய சம்பளத்தை இங்கே எழுதினால் அவன் கோபித்துக்கொள்வான். 2014-இல் வி.ஏ.ஓ. தேர்வு எழுதித் தேறினான். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. நான் படிக்காத வரலாற்றை எனக்கும் சேர்த்து அவன் படிப்பான் என்று நினைத்திருந்தேன் போல.

அது முட்டாள்தனம் என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆகின. ஒருமுறை அவன் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது பதிவேட்டின் அட்டையில் 'பசலி' என்று ஓர் எண் பார்த்தேன். "இது எந்த வருஷம்ல?" "இந்த வருஷம்தான். 590-ஐக் கூட்டிக்கோ." அக்பர் காலத்தில் அறுவடையை ஒட்டி வரி வாங்க ஏற்படுத்திய கணக்கு ஆண்டு. பேரரசு போய், கும்பினி போய், ராணி போய், ஒவ்வொரு ஜூலையிலும் நம்முடைய கிராமக் கணக்கில் ஒரு புதுப் பசலி பிறக்கிறது. கோடைதோறும் ஜமாபந்தியில் தணிக்கை. என் தொழிலில் இதை லெகசி கோடு என்போம்: யார் எழுதினார்கள் என்று தெரியாது, எடுத்தால் எல்லாம் நின்றுவிடும். மற்ற வி.ஏ.ஓ.க்கள் பசலியை ஓர் எண்ணாக எழுதுகிறார்கள். இவன் அடங்கலில் ஒரு வரியைப் பார்த்தால், இதை யார் யாருக்காக எழுதினார்கள், எந்தப் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கிறான். பட்டா கேட்டு வரும் கிழவிக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

2020-இல் சிவகளையில் அகழாய்வு தொடங்கியது. மறு ஆண்டு, அங்கே தாழியில் கிடைத்த நெல்லின் காலம் பொ.மு. 1155 என்று அறிவிப்பு வந்தபோது எங்கள் வாட்ஸ்அப் குழுக்கள் பொருநை நாகரிகம் என்று கொண்டாடின. டீக்கடை அண்ணாச்சிகூடப் பெருமைப்பட்டார். நண்பனும் சந்தோஷப்பட்டான். ஆனால் அவன் சொன்ன ஒரு விஷயம் என்னை விடவில்லை. "மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால செத்தவன் என்ன சாப்பிட்டான்னு தெரிஞ்சிட்டு. எங்க தாத்தா எந்த வருஷம் மலை ஏறுனாருன்னு ஒரு காயிதம் இல்ல."

எஸ்டேட்டின் கதைக்குக் காகிதம் இல்லாமல் இல்லை. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,374 ஏக்கரை 99 வருடக் குத்தகைக்கு பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு விட்டது. ஜமீன் ஒழிந்து நிலம் அரசிடம் வந்தது, குத்தகை தொடர்ந்தது. 2028 பிப்ரவரியில் முடிகிறது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய இத்தனை ஊர்களின் ஆயுளும் அந்த ஒற்றைப் பத்திரத்தில் இருந்தது. தென் மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஏறி வந்து தேயிலை போட்டவர்கள் அதில் ஒரு சொல்லாகக்கூட இல்லை. 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வு கேட்டு நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனவர்கள் மேல் தடியடி நடந்து, தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள், ஒன்றரை வயதுக் குழந்தை உட்பட. அதற்கும் விசாரணை ஆணைய அறிக்கை என்று ஒரு காகிதம் உண்டு. பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்கிறது. ஏன் ஆற்றில் இறங்கினார்கள் என்பதைக் கரையில் நின்றவர்களிடம் கேட்க வேண்டும். நண்பனுக்கு அன்று ஒன்பது வயது. அவன் அம்மா ஊர்வலத்தில் இருந்தார்.

2024 ஜூனில் விருப்ப ஓய்வு என்று தொழிலாளர்களிடம் கையெழுத்து வாங்கி வேலை நிறுத்தப்பட்டது. அரசே எஸ்டேட்டை எடுத்து நடத்த வேண்டும் என்ற வழக்குகள் அந்த டிசம்பரில் உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியாயின. காடு காடாகத் திரும்ப வேண்டும் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் லயன் வீடுகள் காலியாகும்போது வெளியே எறியப்படுபவை என்ன என்று யாரும் பட்டியல் எடுக்கவில்லை. நண்பன் எடுத்தான். சனி ஞாயிறுகளில் மலை ஏறி, தெரிந்த வீடுகளில் எல்லாம், "பழைய காயிதம் எதையும் எரிச்சிராதீங்க சித்தி" என்று சொல்லிவிட்டு வந்தான்.

போன பொங்கலுக்கு நான் பெங்களூரிலிருந்து வந்தபோது அவன் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. சம்பளச் சீட்டுகள், பி.எஃப். தாள்கள், ரேஷன் கார்டுகள், கல்யாணப் பத்திரிகைகள், பள்ளி மாற்றுச் சான்றிதழ்கள், தேயிலைக் கறை படிந்த ஒரு பாட்டு நோட்டு. 27 குடும்பங்களுடையவை. எந்தக் காப்பகமும் இதைக் கேட்டு வரவில்லை. அவனும் இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படமெடுத்தோம். என்னுடைய பங்கு, ஒரு ஸ்ப்ரெட்ஷீட். ஆண்டு, ஊர், என்ன ஆவணம் என்று மூன்று பத்தி போட்டிருந்தேன். அவன் பார்த்துவிட்டு, "யாரு குடுத்தா, அந்த வீட்டுல எங்க வச்சிருந்தாங்க, அவங்க அதப் பத்தி என்ன சொன்னாங்க. இந்த மூணையும் சேரு" என்றான். சேர்த்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவனுடைய ஆச்சியின் சீட்டுகள் வந்தன. மூன்று தாள், மூன்றிலும் கைநாட்டு, மூன்றிலும் பெயர் வேறு வேறு மாதிரி எழுதியிருந்தது.

"பேருங்கற எடத்துல எதப் போட?" என்றேன்.

தாளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "மூணையும் போடு. எழுதுனது ரைட்டருங்க. ஆச்சி எழுதுனது அந்த விரல் மட்டுந்தான்."