பேய்க்குக் கால்தடம் கிடைத்த கதை

மர்மக் கதை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் முதல் பத்தியைப் பிரமாதமாக எழுதிவிடுவார்கள். நள்ளிரவு, மழை, ஆளில்லாத பால்மரத் தோட்டத்து லயம், தூரத்தில் நாயின் ஊளை. மூன்றாம் பத்தியில் திணறல் தொடங்கும். கடைசிப் பத்தியில் திடுக்கிட்டு எழுந்து, எல்லாம் கனவு என்று முடித்துவிடுவார்கள். கட்டுரை திருத்தும் ஆசிரியர்களுக்கு இது பழகிப்போன முடிவு. பேயை அழைத்து வருவது சுலபம்; வந்த பேயை என்ன செய்வது என்பதில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறோம். பேய்க் கதையாகத் தொடங்கி, துப்பறியும் நாவலாக முடிந்த ஒரு புகழ்பெற்ற நூலின் வரலாறு இங்கே நமக்கு உதவும்.

ஆர்தர் கோனன் டாயில் 1893 டிசம்பரில், ஸ்ட்ராண்ட் மாத இதழில் வந்த சிறுகதையில் ஷெர்லாக் ஹோம்ஸைச் சாகடித்துவிட்டார். வாசகர்கள் கொதித்துப் போனார்கள், அவர் அசையவில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, போயர் போரில் மருத்துவராகப் பணி செய்துவிட்டுத் தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலில் திரும்பும்போது பெர்ட்ரம் ஃபிளெட்சர் ராபின்சன் என்ற இளம் பத்திரிகையாளர் நண்பரானார். 1901ஆம் ஆண்டின் முற்பகுதியில் இருவரும் நார்ஃபோக் கடலோரத்துக் குரோமர் ஊரில் ஓய்வுக்காகத் தங்கியபோது, ராபின்சன் ஒரு பேய் நாயின் கதையைச் சொன்னார். அவ்வளவுதான், டாயிலுக்குப் பொறி தட்டிவிட்டது. உடனே ஸ்ட்ராண்ட் ஆசிரியருக்குக் கடிதம் போட்டார்: நடுங்க வைக்கும் ஒரு கதை கையில் இருக்கிறது, ராபின்சன் பெயரும் சேர்ந்து வர வேண்டும் என்று. அந்தத் திட்டத்தில் ஹோம்ஸ் கிடையாது.

பிறகு ஹோம்ஸ் எப்படி உள்ளே வந்தார்? காசுக்காக என்று சொல்பவர்கள் உண்டு. ஹோம்ஸ் இருந்தால் ஆயிரம் சொல்லுக்கு 100 பவுன், இல்லாவிட்டால் 50 பவுன் என்று பேரம் நடந்ததும் உண்மைதான். ஆனால் கதைக்கே ஓர் ஆள் தேவைப்பட்டது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. சாபம் இருக்கிறது, செத்த மனிதர் இருக்கிறார்; யாராவது ஒருவர் வந்து கேள்வி கேட்டால்தானே கதை நகரும்? செத்தவரை உயிர்ப்பிக்காமலே காரியத்தை முடித்தார் டாயில். இது ஹோம்ஸ் இறப்பதற்கு முன் நடந்த வழக்கு என்று வைத்துக்கொண்டார். பிறகு ராபின்சனோடு டெவன் மாவட்டத்து டார்ட்மூருக்கே போய், பிரின்ஸ்டவுனில் தங்கி, அந்தப் புதைசேற்று மேட்டு நிலத்தை நடந்து பார்த்தார். 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' 1901 ஆகஸ்ட் முதல் 1902 ஏப்ரல் வரை தொடராக வந்தது.

கேள்வி கேட்கிற அந்த ஆளை உருவாக்க டாயில் முன்பே பாடம் படித்திருந்தார். எட்கர் ஆலன் போவையும், பிரெஞ்சு எழுத்தாளர் எமில் கபோரியோவையும் விரும்பிப் படித்ததாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். 1841இல் வந்த போவின் கதையில், உள்ளே பூட்டிய அறையில் கொடூரக் கொலை. பார்த்தால் பேயின் வேலை போலவே இருக்கும். செய்தது ஒரு குரங்கு. கபோரியோவிடம், இன்றைய குற்றத்துக்கு வேர் பழைய குடும்ப வரலாற்றில் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், 1887இல் வந்த முதல் நாவலிலேயே ஹோம்ஸ் இந்த இருவரின் துப்பறிவாளர்களையும் மட்டம் தட்டிப் பேசுகிறார். குருவைக் கிண்டல் செய்யும் சீடன்!

இனி வரும் இரண்டு பத்திகள் கதையின் முடிச்சை உடைக்கும். நாவலைப் படிக்காத மாணவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.

பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பார்கள் நம் பாட்டிமார். டாயிலின் பேய் நாய்க்கோ இரண்டாம் அத்தியாயத்திலேயே கால்தடம் இருக்கிறது. இறந்த முதியவரின் உடலுக்குச் சற்றுத் தள்ளி, பெரிய வேட்டைநாயின் தடங்களைப் பார்த்ததாக மருத்துவர் சொல்கிறார். படிக்கும்போது மயிர்க்கூச்செறியும். அதே வரிதான் துப்பும்! அடுத்து லண்டன் ஓட்டலில் வாரிசுதாரரின் புதுச் செருப்பு ஒன்று காணாமல் போகிறது. பிறகு அது திரும்பக் கிடைக்கிறது. ஆனால் பழைய செருப்பு ஒன்று போய்விடுகிறது. ஏதோ வேலைக்காரரின் கவனக்குறைவு என்று நாம் தாண்டிவிடுவோம். புதுச் செருப்பில் காலின் வாடை ஏறியிருக்காது, பாருங்க. வாடை பிடிக்க வேண்டியது உயிருள்ள நாய்க்குத்தான்; சாபத்துக்கு எதற்குச் செருப்பு? டார்ட்மூருக்கு ரயில் ஏறும் முன்பே விடை நம் கண்முன் வைக்கப்பட்டுவிட்டது.

அப்படியானால் பயம் குறைந்துவிடாதா? அதற்கும் ஒரு வழி செய்தார். ஆறாம் அத்தியாயத் தொடக்கத்தில் ரயில் நிலையத்தில் விடைகொடுக்கும் ஹோம்ஸின் குரலை, பதினோராம் அத்தியாயத்தின் கடைசியில்தான் மறுபடி கேட்கிறோம். மொத்தமே 15 அத்தியாயங்கள். நடுவில் வாட்சன் மட்டும், இருட்டு, மூடுபனி, எங்கிருந்தோ ஊளை. அறிவாளியை அப்புறப்படுத்திவிட்டு நம்மைத் தனியாக விட்டுவிடுகிறார். என்னைக் கேட்டால், நாவலின் ஆகச் சிறந்த பகுதி இதுதான். வாயில் பாஸ்பரஸ் பூசிய நாய் வெளிப்படும் கடைசிக் காட்சிகூட இதற்கு அடுத்துதான்.

வகுப்பில் செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன், ஆசிரியர்களே. மாணவர்களிடம் கடைசிப் பத்தியை முதலில் எழுதச் சொல்லுங்கள்: லயத்தில் கேட்ட அழுகுரல் உண்மையில் என்ன? பிறகு அந்த விடைக்கான துப்பு ஒன்றை முதல் பத்தியின் மழைக்குள் ஒளிக்கச் சொல்லுங்கள். பேய் நிஜப் பேயாகவே இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் அது ஏன் இந்த வீட்டுக்கு, இன்றைக்கு வந்தது என்பதற்குக் காரணம் வேண்டும். தேர்வு நேரத்தில் இந்தத் திட்டமிடலுக்கு ஐந்து நிமிடம் போதும்.

டாயிலுக்கே ஆவிகள் மேல் நம்பிக்கை இருந்தது. 1916இல் அதை வெளிப்படையாக அறிவித்து, பிறகு ஊர் ஊராகப் போய் ஆவியுலகம் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார். அதன் நடுவே, 1924இல், சசெக்ஸில் ஒரு தாய் தன் கைக்குழந்தையின் கழுத்தில் இரத்தம் குடிப்பதாகச் சந்தேகிக்கப்படும் வழக்கை ஹோம்ஸிடம் அனுப்பினார். ஹோம்ஸ் பேயைத் தேடவே இல்லை. அந்தத் தாய் குழந்தையின் காயத்திலிருந்து நஞ்சை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தாள் என்று கண்டுபிடித்தார்.